“பிறகு?” என்று கேட்டவள்

டிலோஜினி பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எதிர்க் கதிரையில் இருப்பவர் கதைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் தடக்கி நிற்பார். வேறு நிகழ்ச்சிகளில் என்றால் அந்த இடத்தில் பாட்டுப் போடுவார்கள், அல்லது அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள். இவள் தாவமாட்டாள். தலையைக் கொஞ்சம் சரித்து, தன் வீட்டுக் குசினியில் நின்று கேட்பவளைப் போல, “பிறகு?” என்பாள். அவ்வளவுதான். பூட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து விழும்.

நிகழ்ச்சிக்குப் பெயர் ‘கதைக்க வாங்கோ’. கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் ஞாயிறு பின்னேரங்களில் நேரலையாகப் போனது. பேசாலையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்த ஒரு பெட்டை தன் ஊர்ப் பேச்சிலேயே அதை நடத்துவது என்று முடிவானபோது, நிலையத்தில் பலருக்கு விருப்பமில்லை. அறிவிப்பாளர்கள் எல்லாரும் அக்கரைச் சினிமாத் தமிழில் குழைந்துகொண்டிருந்த காலம் அது. தயாரிப்பாளர் கிருஷாந்தன் ஒருவன்தான் விடாப்பிடியாக நின்றான். “சனம் இவவோட கதைக்கும். எங்களோட கதைக்காது” என்றான். அவன் சொன்னது பலித்தது. சில வருடங்களுக்குள் வவுனியாவில் பஸ் நிலையத்திலும், முருங்கனில் நெல்லுக் கடையிலும், கொழும்பில் ஆசுபத்திரி வாசலிலும் ஆட்கள் அவளைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

மைக் அவளுக்குப் பழகியது மடு மாதா கோயிலில். சமாதானக் காலத்தில் பாதை திறந்து, ஆவணித் திருநாளுக்குச் சனம் கடல்போலத் திரண்ட வருடங்களில், பள்ளிக்கூடப் பிள்ளையாக அவள் அறிவிப்புக் கொட்டிலில் தொண்டு செய்தாள். சன நெரிசலில் தொலைந்துபோகிற பிள்ளைகளின் விபரத்தை ஒலிபெருக்கியில் சொல்லுகிற வேலை. “நீலக் காற்சட்டை போட்ட, நறுவிலிக்குளத்தைச் சேர்ந்த தம்பி எங்களிட்ட நிக்கிறார், அழுகிறார், அம்மா உடன வாங்கோ” என்று அவள் சொல்லும் விதத்தில் பிள்ளையைத் தொலைக்காதவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்களாம். அவளுடைய அக்கா பெற்றிசியா இதை வைத்து வருடம் முழுக்கப் பகிடி பண்ணுவாள். வீட்டில் ஒரு சீப்பைக் காணவில்லை என்றாலும், “டிலோ, மைக்கில ஒருக்காச் சொல்லு” என்பாள்.

பிறகு பாதை மூடிச் சண்டை மறுபடி தொடங்கியது. இரண்டாயிரத்து ஏழில், பெடியன்கள் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லாத நாட்களில், பெற்றிசியாவின் புருசன் வலன்ரைனைத் தேடி இரண்டு தரம் ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் தரம் வருமுன் அவர்கள் கைக்குழந்தை டிலுக்சனையும் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தியும் வரவில்லை.

தகப்பன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் தாயும் டிலோஜினியும் மட்டுமே. தாய் எமிலியா முதல் வருடம் முழுவதும் படுக்கையிலேயே கிடந்தாள். அடுத்த வருடம் ஒருநாள் எழும்பி, முகத்தைக் கழுவி, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, “அவை அங்க முகாமில இருக்கினமாம். ஒரு ஆள் சொன்னது” என்றாள்.

எந்த ஆள் என்று டிலோஜினி கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு அக்காவின் செய்தி வந்தபடியே இருந்தது. பேரனுக்குப் பல் முளைத்தது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. வலன்ரைன் பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போகிறான். ஏன் கடிதம் போடுகிறாள் இல்லை என்று அயலில் யாராவது கேட்டால், “பயம்தான். அவரின்ர பேர் இன்னும் இஞ்ச லிஸ்ரில இருக்குதெண்டு பயம்” என்று எமிலியா சொல்லுவாள். சண்டை முடிந்து, அகதிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கிய பிறகும் அவளிடம் காரணம் இருந்தது. பேரன் படிக்கிறான், படிப்பைக் குழப்பக் கூடாது. போன வருடம் அவன் வலன்ரைனை விட ஒரு சாண் உயர்ந்துவிட்டான்.

ஊர் உலகத்தையெல்லாம் “பிறகு?” என்று கேட்டவள், தன் தாயிடம் மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னதே கிடையாது. கேட்டால் அந்தப் பேரன் இல்லாமற்போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் அவன் கொஞ்சம் பழகிப்போயிருந்தான். கொழும்பில் கடைகளில் உயரமான பெடியன்களுக்கான சேட்டுகளைக் காணும்போது ஒரு கணம் நின்று பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வந்தவள் பெயர் றோசம்மா. வங்காலைக்காரி. அகதியாகப் போய், மண்டபம் முகாமில் பல வருடம் இருந்து, மகளோடு திரும்பி வந்து, கருவாடு பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சிறு தொழில் ஒன்றைத் தொடங்கி, பதினைந்து பெண்களுக்கு வேலை கொடுக்கிறவள். நிலையத்துப் பிள்ளைகள் அவளோடு முன்கூட்டியே கதைத்தபோது தொழிலைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். டிலோஜினியும் அதைத்தான் எதிர்பார்த்து வந்து இருந்தாள்.

பாதி நிகழ்ச்சி சிரிப்பும் பகிடியுமாகப் போனது. கருவாட்டு மணத்தோடு பஸ்ஸில் ஏறினால் சனம் எழும்பி இடம்விடுகிற கதையை றோசம்மா சொன்னபோது கமராக்காரர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு டிலோஜினி, “அக்கா, முதல்ல இந்தியாவுக்குப் போன நாள் ஞாபகம் இருக்குதோ?” என்று கேட்டாள்.

றோசம்மாவின் சிரிப்பு வடிந்தது. “இருக்காமல் விடுமோ தங்கச்சி” என்றாள்.

“சொல்லலாமெண்டால் சொல்லுங்கோ.”

“இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை. உங்கட முகத்தைப் பார்க்கச் சொல்லவேணும் போல கிடக்கு.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “எங்களைக் கொண்டுபோனவன் இடையில ஒரு தீடையில இறக்கிப்போட்டான். கடலுக்கு நடுவில வெறும் மணல், தங்கச்சி. ‘இதுதான் இந்தியாக் கரை, விடிஞ்சோடன நடந்து போங்கோ’ எண்டு சொல்லிப்போட்டு வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போட்டான். விடியப் பார்த்தால் நாலு பக்கமும் தண்ணி. மரமில்லை, நிழலில்லை. நான் அப்ப வயித்தில மகளோட.”

“எத்தனை பேர் இருந்தனீங்கள்?”

“கொஞ்சப் பேர்தான். அதில ஒரு குடும்பம், புருசன் பெஞ்சாதி, ஒரு பால்குடிப் பிள்ளை. புருசனுக்கு நெருப்பாய்க் காயுது, எழும்ப ஏலாமல் கிடக்கிறார். ஆனால் அந்தப் பெஞ்சாதி இருக்கிறாவே, அவதான் எங்கள் எல்லாரையும் சிரிக்கப் பண்ணினவ. எங்களுக்கு நாக்கு வறண்டு அண்ணத்தில ஒட்டிக் கிடக்குது, அவ பகிடி விடுறா. தன்ர தங்கச்சி ஒருத்தி மடுவில பெருநாளுக்கு மைக்கில தொலைஞ்ச பிள்ளையளின்ர பேரைக் கூப்பிடுறவவாம். ‘அவளுக்கு மட்டும் தெரிஞ்சுதெண்டால் இப்ப மைக்கைப் பிடிச்சிருப்பாள். மூண்டு உருப்படி தீடையில நிக்குது, உரியவர்கள் உடன வந்து எடுத்துக்கொண்டு போகவும் எண்டு கத்தியிருப்பாள்’ எண்டு அவ அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினவ. நாங்கள் சிரிச்சுப் போட்டம்.”

டிலோஜினியின் கைகள் மடியில் இருந்தன. அவற்றை அசைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அசைக்க முடியவில்லை. கலையகத்து விளக்குகள் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டாற்போல இருந்தது. காதில் செருகியிருந்த கருவியில் கிருஷாந்தனின் குரல் வந்தது. “டிலோ, நல்லாப் போகுது. விடாதையும். கேளும்.”

விளம்பரத்துக்குப் போகலாம். ஒரு சைகை காட்டினால் போதும், போட்டுவிடுவார்கள். பேசாலையில், முன் அறையில், தாய் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு ஞாயிறும் தவறவிடாதவள். இருந்தும் அவள் வாய், பழகின மாடு வழி பிடித்துப் போவதுபோல, தன்பாட்டில் திறந்தது.

“பிறகு?”

“பிறகென்ன. அடுத்த நாள் அந்தப் பக்கத்துச் சின்ன வள்ளம் ஒண்டு வந்தது. ஒரு ஆள்தான் ஏறலாம் எண்டிட்டினம். எல்லாரும் அவவைத்தான் சொன்னம், குழந்தையோட ஏறச் சொல்லி. அவ மாட்டன் எண்டிட்டா. ‘இவரை விட்டிட்டு எப்பிடி வாறது? நீங்கள் வயித்துப்பிள்ளையோட, நீங்கள் போங்கோ, நாங்கள் அடுத்த தரம் வாறம்’ எண்டு என்னைப் பிடிச்சு ஏத்திவிட்டவ. நான் திரும்பியும் பார்க்கேல்லை, தங்கச்சி. பயத்தில வள்ளத்தின்ர அடியில குப்புறப் படுத்திருந்தனான். அண்டு பின்னேரம் காத்து மாறி, கடல் அடிக்கத் தொடங்கிட்டுது. ரெண்டு நாள் ஒருத்தரும் இறங்க ஏலாமல் கிடந்தது. அடங்கின பிறகு போய்ப் பார்த்தவை, அதில ஆக்களுமில்லை, தீடையே இல்லையாம். தண்ணிதான் ஓடுதாம்.”

றோசம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பேசாலைப் பிள்ளை. பெற்றா எண்டு புருசன் கூப்பிட்டவர். வேற ஒண்டும் கேட்டு வைக்காமல் விட்டிட்டன்.”

நிகழ்ச்சியை டிலோஜினி எப்படி முடித்தாள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. பார்த்தவர்கள் சொல்வதன்படி, அவள் றோசம்மாவுக்கு நன்றி சொல்லி, வரும் ஞாயிறு சந்திப்போம் என்று கும்பிட்டுத்தான் முடித்தாள். ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது.

ஒப்பனை அறைக்கு வந்ததும் தொலைபேசியை எடுத்தாள். தாய் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நசீறா மாமி எடுத்தாள். “வா மகள்” என்றாள். “வேற ஒண்டும் சொல்லமாட்டன். நீ வா.”

காலையில் அவள் பேசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கேற்றடியில் சனம் நின்றது. ஊரில் எத்தனை பெற்றா, மடு மைக்கில் கதைத்த எத்தனை தங்கச்சி? எல்லாருக்கும் விளங்கிவிட்டிருந்தது. தேயிலையும் சீனியும் பாணும் வாங்கிக்கொண்டு வந்தவர்களை எமிலியா வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். “செத்த வீடோ இது? ஆர் செத்தது? கொண்டுபோங்கோ எல்லாத்தையும்!” நசீறா மாமி மட்டும் ஒன்றும் கொண்டுவராமல், ஒன்றும் சொல்லாமல் உள்ளே ஒரு மூலையில் இருந்தாள். அவளும் ஒருகாலத்தில், முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது, ஊரைவிட்டு ஒரு பையோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள்.

டிலோஜினி தாய்க்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள்.

“அந்தப் பொம்பிளை வேற ஆரையோ சொல்லுறாள்” என்றாள் எமிலியா.

“அம்மா…”

“வாயை மூடு. அவள் சொன்னால் அதுதான் வேதமோ? என்ர பேரன் அங்க படிக்கிறான்.” அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு, சத்தம் போடாமல், களைத்துப்போன குரலில் சொன்னாள்: “நீ நிப்பாட்டியிருக்கலாம். இடையில சவர்க்கார விளம்பரம் போடுறனீங்கள்தானே. அதைப் போட்டிருக்கலாம். எனக்கு அவள் தீடையில நிண்டு சிரிச்சது மட்டும் போதும். அதோட நான் ரீவியை நிப்பாட்டப் போனனான். நீதான் பிறகு எண்டு கேட்டனி.”

அதற்கு மேல் அவள் மகளோடு கதைக்கவில்லை. சாப்பாடு வைத்தாள், சாப்பிட்ட கோப்பையை எடுத்துக் கழுவினாள். ஒரு சொல் கிடையாது.

மூன்றாம் நாள் கிருஷாந்தன் அழைத்தான். அவன் குரல் உடைந்திருந்தது. அது நடிப்பில்லை. “எனக்குத் தெரியாது டிலோ. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சால் காதுக்குள்ள அப்பிடிச் சொல்லியிருப்பனோ?” அழுது முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி, “மேலிடத்தில கேக்கினம். அம்மாவும் நீரும் றோசம்மாவுமா ஒரு நிகழ்ச்சி. நாடு முழுக்கப் பார்க்கும். காணாமற்போன ஆக்களின்ர குடும்பங்களுக்கு ஒரு ஆறுதலாய் இருக்கும்…”

“இல்லை அண்ணா.”

“யோசியும்.”

“இல்லை.”

ஆனால் அந்தத் துண்டு ஏற்கனவே ஊர் சுற்றத் தொடங்கியிருந்தது. கைபேசிகளில், டிலோஜினியின் முகம் வெளிறுகிற இடத்தை மட்டும் வெட்டி, சோக இசை சேர்த்து, நேரலையில் உறைந்துபோன தொகுப்பாளினி என்று போட்டிருந்தார்கள். மன்னார் பஸ்ஸில் அவளுக்கு முன் ஆசனத்தில் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள், பின்னால் இருப்பவள் யாரென்று தெரியாமல். பெற்றிசியாவின் சாவு அவர்கள் வீட்டுக்கு வருமுன் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டிருந்தது.

அவள் வேலைக்குத் திரும்பினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர், மனைவியை நோயில் பறிகொடுத்தவர். நல்ல மனிதர். கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “ஆசுபத்திரியில கடைசி நாள் அவ என்ர கையைப் பிடிச்சு…” என்று தொடங்கித் தடக்கினார். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவள் சொல்லவேண்டியது ஒரு சொல். அவளுடைய தொழில் முழுவதும் அந்த ஒரு சொல்தான்.

“போதும் ஐயா” என்றாள் டிலோஜினி. “சொல்லாதையுங்கோ. வீட்டுக்குக் கொண்டுபோங்கோ.”

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். நிலையம் அவசரமாக விளம்பரம் போட்டது.

யாரும் அவளைத் திட்டவில்லை. ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இரண்டு கிழமைக்கு என்று ஒரு இளம்பெண்ணை அந்தக் கதிரையில் இருத்தினார்கள். அவள் கெட்டிக்காரி, சிரித்த முகம், கேள்விகளை அட்டையில் எழுதி வைத்துக் கேட்டாள். இரண்டு கிழமை இரண்டு மாதமானது. பின்பு நிகழ்ச்சியின் பெயரையும் மாற்றினார்கள். டிலோஜினி தன் அறையைக் காலி செய்து, சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். கிருஷாந்தன் கோட்டைப் புகையிரத நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏற்றிவிட்டு, யன்னலோரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வண்டி வெளிக்கிட்டுவிட்டது.

வீட்டில் அந்த மௌனம் அப்படியே இருந்தது. எமிலியா பேரனைப் பற்றிய செய்தி சொல்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் டிலோஜினியை வாட்டியது. அந்தப் பெடியன் ஓ.எல். பரீட்சை எழுதினானா, பெறுபேறு வந்ததா என்று கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது. தாய் ஒரு பொய்யாவது சொல்லமாட்டாளா என்று இருந்தது.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று விழுந்து கடல் தெளிந்த ஒரு காலை, எமிலியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை நிலத்தில் வைத்தாள்.

“அந்தப் பொம்பிளை எந்த ஊர் எண்டவள்?”

“வங்காலை, அம்மா.”

“கூட்டிக்கொண்டு வா.”

றோசம்மா அடுத்த நாளே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து எமிலியாவின் காலில் விழப்போனவளை எமிலியா தோளில் பிடித்து நிமிர்த்தி, கதிரையில் இருத்தி, சோறு போட்டாள். மீன்குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். “முதல்ல சாப்பிடு பிள்ளை” என்றாள். றோசம்மா கண்ணீரோடு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடியுமட்டும் எமிலியா ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேட்கத் தொடங்கினாள்.

“குழந்தைக்குச் சளி இருந்தது. இருமினவனோ?”

“இல்லை அம்மா. நித்திரைதான் கூட.”

“தலைக்கு என்ன போட்டிருந்தவள்? வெயிலல்லோ.”

“தன்ர சீலையைக் கிழிச்சுக் குழந்தைக்கும் அவருக்கும் கட்டிவிட்டிருந்தவ.”

“எந்தச் சீலை?”

“மண்ணிறம், அம்மா. ஓரத்தில மஞ்சள்.”

“ஓம்” என்றாள் எமிலியா. “நான் வாங்கிக் குடுத்தது.”

டிலோஜினி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரைக் கதைக்க வைத்தவள் அவள். இப்படி ஒரு கேள்வி அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளை இருமினானா, தலைக்கு என்ன கட்டியிருந்தாள். இதைப் பெற்றவள் ஒருத்தியால்தான் கேட்க முடியும்.

கடைசியாக எமிலியா கைகளைப் பிசைந்தபடி கேட்டாள். “உன்னை வள்ளத்தில ஏத்திப்போட்டு, அவள் என்ன செய்தவள்? பயந்தவளோ?”

றோசம்மா நிமிர்ந்து அவளை நேரே பார்த்தாள். “இல்லை அம்மா. தண்ணிக்குள்ள முழங்காலளவுக்கு வந்து நிண்டு கையை ஆட்டினவ. நான் பார்த்துக்கொண்டுதான் போனனான். சிரிச்சபடிதான் நிண்டவ.”

திரும்பியும் பார்க்கவில்லை, வள்ளத்தின் அடியில் குப்புறப் படுத்திருந்தேன் என்று இதே றோசம்மாதான் நேரலையில் சொன்னவள். டிலோஜினிக்கு அது நினைவில் இருந்தது. தாய்க்கும் இருந்தது. அன்று ஒரு சொல் விடாமல் கேட்டவள் அவள். டிலோஜினி தாயின் முகத்தைப் பார்த்தாள். எமிலியா மெல்லத் தலையை ஆட்டினாள்.

“அவள் அப்பிடித்தான்” என்றாள். “அவளுக்குப் பயமெண்டால் என்னெண்டு தெரியாது.”

சொல்லி முடிந்ததும் அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பதினேழு வருடமாக அழாத அழுகை. நசீறா மாமி மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஓடி வந்தாள். மூன்று பெண்களுமாக எமிலியாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் தாயும் மகளும் மடுவுக்குப் போய், மூன்று பேரின் ஆத்துமத்துக்காகவும் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். புதிதாக வந்த இளம் சுவாமியார் பெயர்களை வாசிக்கும்போது வலன்ரைனை வலன்ரீனா என்றுவிட்டார். எமிலியா அவருக்குக் கேட்காதபடி, “வலன்ரைன்” என்று திருத்திச் சொன்னாள். பூசை முடிந்து வெளியே வந்து மர நிழலில் இருந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டார்கள்.

“டிலோ.”

பல மாதத்துக்குப் பிறகு தாய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான்.

“சொல்லுங்கோ அம்மா.”

“நீ திரும்பக் கொழும்புக்குப் போகேல்லையோ?”

“இல்லை. முருங்கனில ஒரு பள்ளிக்கூடத்தில சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கக் கேட்டிருக்கினம். போகலாமெண்டு நினைக்கிறன்.”

எமிலியா கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தாள். “என்னாலதான் உன்ர வேலை போனது” என்றாள்.

“இல்லை அம்மா.”

“நான் உன்னோட கதைச்சிருக்க வேணும். கதைச்சிருந்தால் நீ திரும்பிப் போயிருப்பாய்.” பிறகு, மிகவும் சின்னக் குரலில், “எனக்கு உன்னைப் பார்க்கிற நேரமெல்லாம் அந்த ‘பிறகு?’தான் காதில கேட்டது” என்றாள்.

டிலோஜினிக்கும் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இனியும் கேட்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெருக்கமாக இருந்தது. யாரோ எழும்பி எமிலியாவுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் ஒடுங்கி இருந்து, மகளையும் கையைப் பிடித்து இழுத்து அருகில் இருத்திக்கொண்டாள். மன்னார்ப் பாலம் வரும்போது கடற்காற்று யன்னலால் அடித்தது. இரண்டு பேரும் எந்தப் பக்கத் தண்ணீரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் சாரதியின் முதுகையே பார்த்துக்கொண்டு, கைகளை விடாமல் இருந்தார்கள்.